இரண்டு வரிசைக் கல்

கரமனையில் என் மகள் வீட்டுக் குழாய்த் தண்ணீருக்கு ருசி கிடையாது. குளோரின் மணம் உண்டு. அதை ருசி என்று ஒப்புக்கொள்ள நான் தயாராக இல்லை. பதினோரு வருஷமாக ஒரு நாளைக்கு ஒன்பது டம்ளர் வீதம் அதைத்தான் குடிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் டம்ளர் உதட்டுக்கு வரும்போது நாக்கு வேறொரு தண்ணீருக்குத் தயாராகிறது. ஒவ்வொரு தடவையும் ஏமாறுகிறது. மகளிடம் சொன்னால், "அப்பாவுக்கு எதில குறை இல்ல, தண்ணியில மட்டும் இல்லாம இருக்க?" என்பாள்.

நாக்கு கேட்பது கம்பெனி குவார்ட்டர்ஸ் கிணற்றுத் தண்ணீரை. வித்துரா போகும் பஸ்ஸில், ஊரும் கடைகளும் முடிந்து ரப்பர் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் அந்தக் கம்பெனி இருந்தது. குடைக்கம்பிக்கும் சைக்கிள் கைப்பிடிக்கும் பளபளவென்று முலாம் பூசி அனுப்புவது தொழில். நான் ஸ்டோர் கீப்பர். இருபத்தெட்டு வருஷம். கம்பெனி மூடிய அன்று ஸ்டோரில் மீதியிருந்த கையுறைகள் நூற்றுப் பதினேழு ஜோடி, ஓர் ஒற்றை. அந்த ஒற்றையின் ஜோடி எங்கே போனது என்று இன்றைக்கும் சில சமயம் யோசிப்பதுண்டு.

ஸ்டோர் கீப்பருக்கு ஒரு தனி வீடும் அதற்கு ஒரு தனிக் கிணறும் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி நான்காவது மாதம் என் மனைவி நாகர்கோவில் பக்கத்திலிருந்து அங்கே வந்தாள். வந்த அன்று கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "கிட்டத்திலதான் கெடக்கு, பரவாயில்ல" என்றாள். அந்த 'கிட்டத்தில' என்ற சொல் எனக்குப் போதவில்லை. மறுநாள் காலையில் ஒரு கயிற்றில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டி, கிணற்றின் கைப்பிடிச் சுவர் மேலிருந்து இறக்கி, நட்டு தண்ணீரைத் தொட்டு 'ப்ளக்' என்கிற இடத்தில் பிடித்து அளந்தேன். நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அன்று தொடங்கியது. கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு, மீட்டருக்கு ஒரு சிவப்பு நூல். தினமும் காலை ஆறு மணிக்கு அளவு. நோட்டில் நான்கு கட்டம்: தேதி, நீர்மட்டம், மழை உண்டா இல்லையா, அன்று இறைத்த வாளி எத்தனை. இருபத்தேழு நோட்டுகள் சேர்ந்தன.

வாளி எண்ணிக்கை அவள் சொல்ல வேண்டும். அவள் கப்பியில் இழுத்துக்கொண்டே கேலி செய்வாள். "பாத்தியளா? கிணறு அங்கதான் இருக்கா? ராத்திரி யாரும் தூக்கிட்டுப் போகல்லியே?" நான் எழுதிக்கொண்டிருப்பேன். "இன்னிக்கி பதினாலு வாளி. ஒண்ணு பாதிதான். அதை எப்படி எழுதுவிய?" பாதி என்றே எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கம் இப்போதும் இருக்கிறது.

எனக்கு அந்தக் கிணற்றில் ஒரு பெருமை இருந்தது. இந்தப் பக்கத்தில் வெட்டுகல் பூமி, ஓட்டை விழுந்த செம்பாறை. மழை பெய்தால் கிணறு நிறையும், மீன மாதக் கோடை வந்தால் அடி தெரியும். சுற்று வட்டாரத்தில் எல்லாக் கிணறும் அப்படித்தான். எங்களுடையது மட்டும் மழைக்கும் வெயிலுக்கும் ஓர் அடிக்கு மேல் ஏறி இறங்காது. எவ்வளவு கடுமையான கோடையிலும் நான்கு மீட்டர் பத்து சென்டிமீட்டருக்குக் கீழே போனதில்லை. கோடையில் கீழ்ப் பக்கத்து வீட்டுப் பெண்கள் குடம் கொண்டு வருவார்கள். அவற்றையும் எண்ணி எழுதினேன். ஒரு பங்குனியில் ஒரே நாள் அறுபத்து மூன்று குடம். மறுநாள் காலையில் மட்டம் ஒரு முடிச்சு கூட இறங்கவில்லை. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லது. கையெழுத்துப் போடணுமா?" என்றாள்.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். பூமிக்கடித் தண்ணீரைப் பார்க்கிற ஜியாலஜிஸ்ட். கம்பெனி நிலத்தில் வீடுகள் கட்டப் போகிறார்களாம். அதற்கு முன்னால் மண்ணிலும் தண்ணீரிலும் என்ன மிச்சம் இருக்கிறது, அது எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவளுடைய வேலை. பழைய வாட்ச்மேன் சொல்லி என் நோட்டுகளைப் பற்றித் தெரிந்திருக்கிறது. "சார், தினமும் அளந்த கணக்கு உண்டுன்னு கேட்டேன், நேராணோ?" என்றாள். உண்மைதானா என்று கேட்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. "இருபத்தேழு நோட்டு" என்றேன். அந்தப் பக்கம் யாரிடமோ அதைச் சொல்வது கேட்டது. "ஈஸ்வரா! சார், நாங்கள் வண்டி அனுப்பட்டுமா?"

வண்டி வேண்டாம் என்றேன். பஸ்ஸில் போனேன். நோட்டுகளை இரண்டு பைகளில் போட்டு மகள் தூக்கி வந்தாள். எனக்கு இடப் பக்கத்து ஜன்னல் சீட் கிடைக்கவில்லை. கண்டக்டர் மீதிச் சில்லறையை இறங்கும்போது தருகிறேன் என்று சொன்னதால் வழியெல்லாம் அதே ஞாபகம். ஆனாலும் கம்பெனி நிறுத்தம் நெருங்க நெருங்க எனக்கு வாய் வறண்டது. தாகம் என்று சொன்னால் மகள் பாட்டிலை நீட்டுவாள் என்று சொல்லவில்லை.

கொட்டகைகளின் கூரை போய்விட்டது. ஒன்பது தூண்களில் ஆறு நிற்கின்றன. முலாம் தொட்டிகளைக் கழுவிய தண்ணீர் போய் விழும் குளம் ஒன்று பின்னால் உண்டு. அது காய்ந்து புதர் மண்டிக் கிடந்தது. ஆனால் அதன் கான்கிரீட் வழிவு, அதாவது குளம் நிரம்பினால் தண்ணீர் வெளியே போகிற வாய், உடையாமல் இருந்தது. கம்பெனி ஓடிய காலம் முழுக்க அந்தக் குளம் வழிவு மட்டத்துக்குத் தளும்பிக்கொண்டுதான் இருக்கும். அதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் உடனே எழுதிக்கொண்டாள். என்னைப் போல எழுதுகிறவர்களைப் பார்ப்பது அபூர்வம். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அவளுக்குப் பாறசாலைப் பக்கம், தமிழ் வீடு. "வீட்டில தமிழ் பேசுவோம் சார். படிச்சது எல்லாம் மலையாளத்தில. தெற்று, தப்பு வந்தா மன்னிக்கணும்."

எங்கள் வீட்டுக்குக் கதவும் ஜன்னலும் இல்லை. சமையலறையில் என் மனைவி புகை படியாமல் இருக்க ஒட்டிய காலண்டர் அட்டையின் நான்கு ஆணிகள் மட்டும் சுவரில் இருந்தன. அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. கிணற்றடிக்குப் போனேன்.

சுவர் பாசி பிடித்துக் கறுத்திருந்தது. கைகளை அதன் மேல் வைத்துக் குனிந்தேன். சுவர் நெஞ்சு வரை வந்தது. வயசானால் ஆள் குறைகிறான். போன தடவை ஆஸ்பத்திரியில் மூன்று சென்டிமீட்டர் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் கீழே, வெகு கீழே, ஒரு தட்டுப் போலத் தெரிந்தது. அந்தப் பெண் ஏழு மீட்டருக்கு மேல் என்றாள். "இப்படிப் போகாதே, இந்தக் கிணறு" என்றேன். "இப்போ சுத்தி எல்லாம் போர்வெல் சார்" என்றாள். இருக்கலாம்.

"ஒரு டம்ளர் எடுத்துத் தரமுடியுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு, டெஸ்டுக்கா?"

"குடிக்க."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பெண் சிரித்தாள். "என் வேலை போகும் சார். முழுக்கப் பார்த்து முடியட்டும். நல்ல தண்ணின்னு வந்தா நானே வாளியில கோரித் தரேன். சத்தியம்."

அப்புறம் மரப்பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினாள். பூமியைத் துளைத்து எடுத்த மண் வரிசையாக அடுக்கியிருந்தது. மேலே சிவந்த வெட்டுகல். அதற்குக் கீழே வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சேடிமண் என்கிற களி. கடைசியில் பாறைத் துண்டு. "மேல இருக்கிறது ஆப்பம் மாதிரி சார், நிறைய ஓட்டை. தண்ணி விட்டா நிக்காது. சேடி, பிசைஞ்ச மாவு. தண்ணிய விடாது. அப்போ தண்ணி எங்க நடக்கும்? ரெண்டுக்கும் இடையில, சேடி மேலதான். அது எந்தப் பக்கம் நடக்குதுன்னு நிலத்துக்கு மேல நின்னு பார்த்தா தெரியாது."

"வீடு மேட்டில இருக்கு. குளம் பள்ளத்தில இருக்கு" என்றேன்.

"மேல மேடு. அடியில சேடி எப்படிச் சாயுதுன்னு யாருக்குத் தெரியும்? தண்ணி மட்டத்தைத்தான் கேட்கணும். குளத்து மட்டம் பெரிசா, கிணத்து மட்டம் பெரிசா? எது பெரிசோ அங்கேருந்து சின்னதுக்குப் போகும். குளத்துக்கு அந்த வழிவு இருக்கு. கிணத்துக்கு சாரோட நோட்டு இருக்கு."

மேடு, பள்ளம் என்று நான் சொன்னது எங்கிருந்தோ எடுத்த பேச்சு இல்லை. அதே வார்த்தைகளை அதே கிணற்றடியில் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயம். ஒரு நாள் மனைவி தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் நின்றாள். அப்புறம் துப்பினாள்.

"தண்ணி ஒரு மாதிரி இருக்கு. ஆணிய நாக்கில வெச்ச மாதிரி."

"வெட்டுகல்லில் இரும்பு உண்டு. அந்த ருசிதான்."

"நேத்து வரைக்கும் இந்தக் கல்லு இல்லியா? குளத்துத் தண்ணி எறங்குதோ என்னவோ."

"நாம் மேட்டில இருக்கோம். குளம் பள்ளத்தில இருக்கு. தண்ணி மேட்டுக்கு ஏறுமா?" என்று சொல்லி நோட்டைக் கொண்டுவந்து போன வருஷத்து மட்டத்தையும் அந்த வருஷத்து மட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை. "பாத்தியா?" என்றேன். அவள் பார்த்தாள். "சரி. நோட்டுல இல்லன்னா இல்லதான்" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரத்திலிருந்து குடிக்கிற தண்ணீரில் பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்ச ஆரம்பித்தாள். தண்ணீர் ரோஜா நிறத்தில் இருக்கும். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான் குடிப்பார்கள். இவளும் மலையாளக்காரி ஆகிவிட்டாள் என்று நினைத்தேன், சொல்லியும் சிரித்தேன். நல்ல ருசி. என் நாக்கு இன்றைக்கும் கேட்கிற தண்ணீர் அதுதான்.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. ஒரு தடவை பொன்முடி போகிற வழியில் கல்லாற்றில் இறங்கினோம். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறை மேல் உட்கார்ந்து ஆற்றுத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தாள். பதினோரு தடவை அள்ளினாள். "இதாக்கும் தண்ணி" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். வெளியூர் வந்த சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

கம்பெனி மூடிக் கரமனைக்கு வந்த மறு வருஷம் அவளுக்குச் சிறுநீரகம் கெட ஆரம்பித்தது. நான்கு வருஷம் இழுத்தது. டாக்டர் சர்க்கரையால் என்றார். நானும் சர்க்கரையால் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். அவள் போய் ஆறு வருஷம். ஆக, அந்த ஜியாலஜிஸ்ட் பெண்ணிடமிருந்து எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டியிருந்தது. நான் சொன்னது சரியா? தண்ணீர் எங்கள் பக்கம் வரவில்லைதானே?

அன்று புறப்படும்போது அந்தப் பெண் கேட்டாள். "சார் எங்கேருந்து அளந்தது?"

"இந்தச் சுவர் மேலிருந்து" என்று கையால் தட்டிக் காட்டினேன். அந்த இடத்தில் அவள் உயரமான அளவுகோலை நிறுத்தினாள். இன்னொருவர் முக்காலி மேல் வைத்த கருவியில் கண்ணை வைத்துப் பார்த்தார். குளத்து வழிவிலும் அப்படியே வைத்துப் பார்த்தார்கள். நான் பொய் சொல்லவில்லை. நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

நான்காம் நாள் போன் வந்தது. "சார், சந்தோஷ வார்த்தையாக்கும். நோட்டு முழுக்கக் கம்ப்யூட்டர்ல ஏத்திப் பார்த்தோம். கிணறு எப்பவும் மேலதான். ரொம்ப வத்தின நாள்ல கூட வழிவைவிட பதினோரு சென்டிமீட்டர் மேல. உங்க தண்ணிதான் குளத்துப் பக்கம் போயிருக்கு. குளத்துத் தண்ணி உங்க பக்கம் வரல்ல. ஏதோ பாறை ஊத்து இருக்கும், அதான் வத்தாம நின்னது."

"அப்போ எங்க பக்கம்..."

"சேஃப் சார். கிணத்துக்குப் பின்னால ஏழு வீடு இருக்கு இல்லே? அதையும் டெஸ்ட் லிஸ்ட்லேருந்து எடுத்துடலாம். சாருக்கு ஒரு டம்ளர் கடன் இருக்கு, மறக்கல்ல."

போனை வைத்துவிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் அவள் படத்தின் முன்னால் போய் நின்றேன். மகள் ஆபீசுக்குப் போயிருந்தாள். வீட்டில் யாருமில்லை என்பதால் சத்தமாகவே பேசினேன். "பதினோரு சென்டிமீட்டர். நான் சொன்னேன்லா?" அன்று மத்தியானம் குழாய்த் தண்ணீர் கூட அவ்வளவு மோசமாக இல்லை. அந்த ஒரு டம்ளர் எப்படி இருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சுவரில் கை வைத்துக் குடிக்க வேண்டும். அவள் நிற்கிற பக்கமாக நின்று குடிக்க வேண்டும்.

சாயங்காலம் மகள் வந்ததும் சொன்னேன். அவளுக்கும் சந்தோஷம். தோசைக்கல்லைப் போட்டபடி சொன்னாள். "அன்னிக்கி அந்தச் சுவரைப் பாக்கும்போது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்துது. எனக்காகத்தானே அதை ஒசத்திக் கட்டினா. நீங்க ரெண்டு நாள் பேசாம இருந்தீங்களாமே. அம்மா சொல்லிச் சிரிப்பா."

எனக்கு மூன்று தோசை கணக்கு. முதல் தோசையிலேயே கை நின்றுவிட்டது.

அப்போது மகளுக்கு மூன்று வயசு. சுவரைப் பிடித்துத் தொங்கி எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். ஸ்டோரில் வருஷாந்தரக் கணக்கெடுப்பு நடந்த நாளில், நான் காலையில் போய் இருட்டின பிறகு வருகிற அந்த ஒரே நாளில், என் மனைவி கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவர் மேல் இரண்டு வரிசை வெட்டுகல் ஏற்றிப் பூசிவிட்டாள். நான் வந்து பார்த்துக் கத்தினேன். "என் அளவு கெட்டுப்போச்சே! இத்தனை நாள் அளந்தது எல்லாம் என்ன ஆகும்?" அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "உங்க அளவு கெடட்டும். பிள்ள கெட்டுப்போவாண்டாம்."

ஆனால் நான் அளவைக் கெட விடவில்லை. அதுதான் என் புத்தி. ஒரு கல் இருபது, சாந்து ஒன்று. இரண்டு வரிசைக்கு நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். கயிற்றில் முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்து, நட்டிலிருந்து நாற்பத்திரண்டு சென்டிமீட்டரை வெறுமையாக விட்டு, அதற்கு மேல் எண்ணிக்கை தொடங்கும்படி மறுபடி முடிச்சுப் போட்டேன். அதன் பிறகு புதுச் சுவர் மேலிருந்து கயிற்றை இறக்கினாலும் நோட்டில் விழுந்தது பழைய சுவரின் அளவுதான். முன்னும் பின்னும் ஒரே கணக்கு, பிசகே இல்லை. அதனால் நோட்டில் அதைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. கயிறு கழித்துக்கொண்டே வந்தது, நான் மறந்துபோனேன்.

மகளைப் பரண் மேல் ஏறச் சொன்னேன். "இப்பவா? தோசை ஆறுது." ஏறினாள். கயிறு ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது, நட்டு துருவேறி. நட்டுப் பக்கத்து நுனியை ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். முதல் முடிச்சுக்கு முன்னால் நாற்பத்திரண்டு.

அவர்கள் வைத்த அளவுகோல் இப்போதிருக்கிற சுவரின் தலையில் நின்றது. என் நோட்டு அதற்கு இரண்டு வரிசை கீழேயிருந்து பேசுகிறது. பதினொன்றில் நாற்பத்திரண்டு கழித்தால் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போடப் பேப்பர் வேண்டியதில்லை.

இரண்டு நாள் நான் யாரையும் கூப்பிடவில்லை. கம்பெனி மூடிப் பதினோரு வருஷம் ஆயிற்று, குளம் காய்ந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். கல் இருபதா பத்தொன்பதா, யாருக்கு ஞாபகம் என்று சொல்லிப் பார்த்தேன். பத்தொன்பது என்றாலும் நாற்பது வருகிறது. அவள் போய்விட்டாள், அவளுக்கு இனி எந்தத் தண்ணீராலும் ஒன்றும் இல்லை என்றும் சொல்லிப் பார்த்தேன். அதற்கப்புறம் ஏழு வீடு ஞாபகம் வந்தது. லிஸ்டிலிருந்து எடுத்துவிடலாம் என்று அந்தப் பெண் எவ்வளவு லேசாகச் சொன்னாள். என் நோட்டை நம்பித்தானே சொன்னாள்? 'நோட்டுல இல்லன்னா இல்லதான்' என்று இன்னொருத்தியும் ஒரு காலத்தில் சொன்னாள். அந்தச் சுவர் அவள் கட்டினது. அதை விட்டுவிட்டுப் போட்ட கணக்கில் நான் எப்படி ஜெயிக்க முடியும்?

மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் தனியாகப் போனேன். கயிற்றை டப்பாவோடு கொண்டுபோனேன். அந்தப் பெண் துளைபோடுகிற இடத்தில் நின்றிருந்தாள். "சார்! டம்ளருக்கு வந்ததாணோ?" என்று சிரித்துக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்து நின்றாள்.

கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். சுவரின் தலையிலிருந்து ஒரு முழம் கீழே, பாசியைச் சாவியால் சுரண்டினேன். பூச்சில் ஒரு கோடு தெரிந்தது. மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். நட்டைச் சுவரின் தலையில் பிடித்துக் கயிற்றைக் கீழே தொங்கவிட்டேன். முதல் முடிச்சு சரியாக அந்தக் கோட்டில் போய் நின்றது. அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. டப்பென்று உட்கார்ந்து மடியில் கம்ப்யூட்டரைத் திறந்தாள். நான் நின்றேன்.

"வத்தின நாள்ல முப்பத்தொண்ணு கீழ" என்றாள்.

"மழைக்காலத்தில?"

"நல்ல மழையில... ஒரு சென்டிமீட்டர் கீழ." மறுபடி பார்த்தாள். "ஒரு நாள் கூட இல்ல சார். எல்லா நாளும் குளம்தான் மேல."

எந்த வருஷமும், எந்தக் கோடையும். அறுபத்து மூன்று குடம் எடுத்தும் ஒரு முடிச்சு இறங்காத நாளும் சேர்த்து.

"அதனாலதான் வத்தாம நின்னுதா?" என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "ஆமா சார். குளம் ஊட்டிக்கிட்டு இருந்திருக்கு. பாறை ஊத்து இல்ல. கம்பெனி நின்னதும் கிணறு மத்த கிணறு மாதிரி ஆயிடுச்சு. நான் அன்னிக்கே யோசிச்சிருக்கணும்."

"என் மனைவிக்குச் சிறுநீரகம்..." என்று தொடங்கினேன்.

"அதை இந்தக் கணக்கு வெச்சுச் சொல்ல முடியாது சார். நேராவே, சொல்ல முடியாது." கம்ப்யூட்டரை மூடிவிட்டு, "சார் சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள். கயிற்றைச் சுற்றினேன்.

டம்ளரைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. ஏழு மீட்டருக்குக் கீழே தண்ணீர் அப்படியே மின்னிக்கொண்டிருந்தது. குடித்திருந்தால் ஒரு வேளை ஆணியின் ருசி எனக்கும் தெரிந்திருக்கும். அவள் துப்பின அந்த நாளுக்கு அப்புறம் ஒரு தடவை கூட நான் அந்தத் தண்ணீரைப் பச்சையாக, அவள் குடித்துப் பார்த்தது போலக் குடித்துப் பார்க்கவில்லை. காலையில் காப்பி, பிறகு ஆபீஸ் டீ, வீட்டுக்கு வந்தால் பதிமுகத் தண்ணீர். நட்டை இறக்கி எடுத்தபோது விரல் நனையும். அதைக் கூட நாக்கில் வைத்ததில்லை.

ஏழு வீட்டையும் திரும்ப லிஸ்டில் ஏற்ற வேண்டும், அன்றே போய்த் தண்ணீர் எடுக்க வேண்டும் என்றாள். நானும் வருகிறேன் என்றேன். "வெயில்ல சார் எதுக்கு?" என்றாள். அதற்குள் நான் நடக்கத் தொடங்கியிருந்தேன். கிணற்றிலிருந்து முதல் வீடு நூற்று எண்பத்தாறு அடி தூரம்.

அந்த வீட்டுக்காரி மலையாளத்தில் எங்களை உள்ளே கூப்பிட்டாள். நாற்பது வயசிருக்கும். பழைய ஸ்டோர் கீப்பர் என்றதும் முகம் மலர்ந்தது. "உங்க வீட்டு சேச்சி சுகமாயிருக்காங்களா? நான் கல்யாணமாகி வந்த புதுசுல உங்க கிணத்துலதான் வெள்ளம் கோருவேன். ஒரு குடத்துக்கு ஒரு கதை சொல்லுவாங்க" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். "அய்யோ" என்று சொல்லிவிட்டு, வெயிலில் வந்தவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய உள்ளே போனாள். இரண்டு ஸ்டீல் டம்ளர்களில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

ரோஜா நிறம்.

நாக்கு தயாராகிவிட்டது. டம்ளரைக் கையில் எடுத்தேன். வெதுவெதுப்பு, அந்த மணம், எல்லாம் அப்படியே. இத்தனை வருஷமாகக் கேட்டது இதுதானே. குடிக்காமல் கீழே வைத்தேன்.

"பதிமுகம் எப்போதிலிருந்து போடுறீங்க?"

"எல்லாரும் போடுறதுதானே சாரே" என்று சிரித்தாள்.

"நீங்க எப்போதிலிருந்து?"

அவள் யோசித்தாள். அந்தப் பெண்ணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "பிள்ளைங்க எங்க கிணத்து வெள்ளத்தக் காய்ச்சாம பச்சையா குடிக்கமாட்டோம்னு அடம் பிடிச்சாங்க. ஒரு கசப்பு. எங்க வீட்டுக்காரர் அதெல்லாம் ஒண்ணுமில்ல, கல்லோட ருசின்னாரு. அப்பலேருந்து."

"எந்த வருஷம்?"

"மூத்தவன் நாலாம் கிளாஸ்ல இருந்தப்ப."

இருபத்தேழாம் நோட்டில் கடைசியில் ஐந்து பக்கம் காலியாக இருந்தது. அதை ஜியாலஜிஸ்ட் பெண்ணின் பையிலிருந்து வாங்கினேன். தேதி, நீர்மட்டம், மழை, வாளி என்று நான் கோடு போட்டிருந்த நான்கு கட்டத்துக்கும் பக்கத்தில், ஓரத்தில், ஐந்தாவதாக ஒரு கோடு இழுத்தேன். ஸ்கேல் இல்லாததால் கோடு நேராக வரவில்லை. தலைப்பில் 'ருசி' என்று எழுதினேன்.

"மெதுவாகச் சொல்லுங்க" என்றேன். "முதல்ல யாருக்குக் கசந்தது?"